விண்டோஸ் 11: ஹோம் போதுமா, ப்ரோ வேண்டுமா?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிய இயங்குதளம் அது. வீடுகள், ஆடிட்டர் அலுவலகங்கள், டிடிபி கடைகள் என்று இன்னும் எத்தனையோ இடங்களில் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது புது லேப்டாப் வாங்கப் போகிறவர்களும், இருக்கிற கணினியில் விண்டோஸ் 11 போட்டுக்கொள்ள நினைக்கிறவர்களும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: அதன் ஹோம் எடிஷனைப் போடுவதா, ப்ரோ எடிஷனைப் போடுவதா?

ப்ரோவுக்கு விலை கூடுதல். விலை கூடுதல் என்றால் வேகமும் கூடுதலாக இருக்கும், பாதுகாப்பும் கூடுதலாக இருக்கும் என்று நினைத்துப் பலர் சரி என்று சொல்லிவிடுகிறார்கள். இந்த நினைப்பால் தேவையில்லாமல் பணம் போகிறது. இன்னொரு பக்கம், ப்ரோ கட்டாயம் தேவைப்படும் சிறு நிறுவனங்கள் ஹோம் வாங்கிவிட்டு ஓர் ஆண்டு கழித்து இரண்டாவது முறை செலவு செய்கின்றன. இரண்டையும் தவிர்க்க, எடிஷன் என்றால் என்ன என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

‘பதிப்பு’ என்ற சொல்லால் வரும் குழப்பம்

தமிழில் எடிஷனையும் பதிப்பு என்கிறோம், வெர்ஷனையும் பதிப்பு என்கிறோம். பாதிக் குழப்பம் இங்கேயே தொடங்கிவிடுகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் இரண்டையும் ஆங்கிலப் பெயராலேயே சொல்கிறேன். ஒரு கணினியில் இருக்கும் விண்டோஸைப் பற்றி மூன்று தனித்தனிக் கேள்விகள் கேட்கலாம்.

1. எந்த வெர்ஷன்? இது காலத்தைச் சொல்வது. 24எச்2 என்றால் 2024-இன் இரண்டாம் பாதியில் வந்தது. 25எச்2 என்றால் 2025-இன் இரண்டாம் பாதியில் வந்தது. ஒவ்வொரு வெர்ஷனுக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் குறிப்பிட்ட காலம் வரைதான் வரும். ஹோமுக்கும் ப்ரோவுக்கும் 24 மாதம், பெரிய நிறுவனங்களுக்கான என்டர்பிரைஸுக்கும் கல்வி நிலையங்களுக்கான எஜுகேஷனுக்கும் 36 மாதம். ப்ரோ வாங்கினால் ஹோமைவிடக் கூடுதல் நாள் திருத்தம் வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

2. எந்த எடிஷன்? எந்தெந்த வசதிகள் திறந்திருக்கின்றன, உரிமம் யாருக்கு என்பதைச் சொல்வது. ஹோம், ப்ரோ எல்லாம் இந்த வரிசையில் வருபவை. கட்டுரையின் பேச்சு இதைப் பற்றித்தான்.

3. எந்தப் ப்ராசஸர் வகைக்கானது? விண்டோஸ் 10-இல் 32 பிட், 64 பிட் இரண்டும் இருந்தன. விண்டோஸ் 11-இல் 32 பிட் கிடையாது. 32 பிட்டுக்கு எழுதப்பட்ட மென்பொருள்கள் 64 பிட் விண்டோஸில் ஓடும். ஆனால் டாஸ் காலத்து 16 பிட் நிரல்கள் நேரடியாக ஓடா. பழைய கணக்கு நிரலை இன்னும் நம்பியிருக்கும் கடைக்காரர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். இப்போது ஸ்னாப்டிராகன் சிப்போடு வரும் ‘ஆர்ம்’ லேப்டாப்புகளும் விற்பனையில் உள்ளன. அவற்றில் வழக்கமான மென்பொருள்கள் பெரும்பாலும் ஓடிவிடும். பிரிண்டர் போன்ற கருவிகளைக் கணினியோடு இயங்க வைக்கும் டிரைவர் நிரல்தான் சிக்கல்: அதை ஆர்முக்கென்றே தனியாக எழுதியிருக்க வேண்டும். பழைய பிரிண்டர், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் போன்றவற்றை வைத்திருப்பவர்கள் ஆர்ம் டிரைவர் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அந்த லேப்டாப்பை வாங்க வேண்டும்.

உங்கள் கணினியில் என்ன இருக்கிறது என்று பார்க்க, செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் கடைசியாக இருக்கும் அபௌட் பக்கத்துக்குப் போங்கள். எடிஷன், வெர்ஷன் இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கும்.

ஒரே நிரல், வேறு வேறு பூட்டு

ஒரே மென்பொருளைப் பல பெயரில், பல விலையில் விற்கும் வழக்கம் விண்டோஸில் பழையது. 2001-இல் வந்த எக்ஸ்பியிலேயே ஹோம், ப்ரொஃபஷனல் என்ற பிரிவு உண்டு. விஸ்டாவில் அது ஆறு எடிஷன்களாகப் பெருகி, வாங்குகிறவர்களைத் திணற வைத்தது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் டெஸ்க்டாப் படத்தைக்கூட மாற்ற முடியாது. படத்தை மாற்றுவதில் தொழில்நுட்பச் சிக்கல் ஒன்றும் இல்லை. விலை குறைந்த எடிஷன் என்பதற்காகப் போட்ட பூட்டு அது.

விண்டோஸ் 11-லும் அடிப்படை அதேதான். ஹோம் ஓடும் கணினியில் ப்ரோ உரிம எண்ணைக் கொடுத்தால், ஒருமுறை அணைத்து ஏற்றியதும் அது ப்ரோ ஆகிவிடும். கோப்புகளும் மென்பொருள்களும் அப்படியே இருக்கும். முழு இயங்குதளத்தையும் மறுபடி நிறுவ வேண்டியதில்லை. ப்ரோவுக்குரிய பகுதிகள் ஏறத்தாழ எல்லாமே ஏற்கெனவே வட்டில் உட்கார்ந்திருப்பதால்தான் இது முடிகிறது.

அதனால் பின்வருவனவற்றில் ஹோமுக்கும் ப்ரோவுக்கும் வேறுபாடு இல்லை: வேகம், விளையாட்டுகளின் செயல்திறன், டைரக்ட்எக்ஸ் 12, வைரஸ் தடுப்பு, ஃபயர்வால், உலாவி, ஆபீஸ் மென்பொருள்கள் ஓடும் விதம். ஹோம் 128 ஜிபி ரேம் வரை ஏற்கும், ப்ரோ 2 டிபி (டெராபைட்) வரை ஏற்கும் என்பது உண்மை. ஆனால் கடையில் நாம் வாங்கும் லேப்டாப் 8 அல்லது 16 ஜிபியோடு வருகிறது. அந்த உச்சவரம்பு நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாத உயரம்.

ப்ரோவில் உண்மையிலேயே என்ன கூடுதல்?

1. பிட்லாக்கர். வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்து, லேப்டாப் திருடுபோனாலும் உள்ளே இருப்பதை யாரும் படிக்க முடியாமல் செய்வது இது. ஹோமில் இது அறவே இல்லை என்று பலரும் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. ஹோமில் ‘டிவைஸ் என்க்ரிப்ஷன்’ என்ற பெயரில் இதன் எளிய வடிவம் இருக்கிறது. 24எச்2 முதல் அதற்கான வன்பொருள் நிபந்தனைகளும் தளர்த்தப்பட்டன. புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்தால், தகுதியுள்ள கணினியில் அது தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். மீட்புச் சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்படும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும், ஏனென்றால் எடிஷன் எது என்பதைவிட இது பெரிய விஷயம். தன் வட்டு மறையாக்கம் ஆகியிருப்பதே தெரியாமல் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மதர்போர்டை மாற்றினாலோ, கணினி ஏறும்போது முதலில் இயங்கும் பயாஸின் அமைப்பில் ஏதாவது மாறினாலோ, திரையில் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். லேப்டாப் வாங்கிய அன்று கடைக்காரர் அவசரத்துக்கு உருவாக்கிக் கொடுத்த கணக்கின் கடவுச்சொல் யாருக்கும் நினைவில் இருக்காது. அப்போது குழந்தையின் படங்களும் அலுவலகக் கணக்கும் அந்த வட்டுக்குள்ளேயே நிரந்தரமாகப் பூட்டப்பட்டுவிடும். சர்வீஸ் சென்டரால் ஒன்றும் செய்ய முடியாது, மைக்ரோசாஃப்டாலும் முடியாது. எனவே ஹோமோ ப்ரோவோ, செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதிக்குப் போய் டிவைஸ் என்க்ரிப்ஷன் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். லேப்டாப் பையில் வேண்டாம்.

சரி, ப்ரோவில் இதற்கு மேல் என்ன கிடைக்கிறது? எந்த வட்டைப் பூட்டுவது, சாவியை எங்கே வைப்பது என்பதை நீங்களே முடிவு செய்யலாம். கணினி ஏறும்போதே பின் எண் கேட்கும்படி வைக்கலாம். பென் டிரைவைத் தனியாகப் பூட்டலாம். வாடிக்கையாளரின் வருமான வரி விவரங்களைச் சுமந்துகொண்டு அலையும் ஒருவருக்கு இவை பயனுள்ளவை.

2. ரிமோட் டெஸ்க்டாப். வீட்டிலிருந்தபடியே அலுவலகக் கணினியின் திரையைக் கொண்டுவந்து வேலை பார்ப்பது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு: யார் கணினிக்குள் நுழைகிறோமோ, அந்தக் கணினியில்தான் ப்ரோ இருக்க வேண்டும். நாம் உட்கார்ந்திருக்கும் கணினியில் ஹோம் போதும். நிறுவனம் கொடுத்த முகவரிக்கு வீட்டு லேப்டாப்பிலிருந்து நுழைகிறவர் தன் லேப்டாப்புக்கு ப்ரோ வாங்கத் தேவையே இல்லை.

சிறு அலுவலகங்களில் இன்னொரு தவறான எண்ணமும் பரவியிருக்கிறது. ஒரு கணினியில் ப்ரோ போட்டுவிட்டால் நான்கு பேர் ஒரே நேரத்தில் அதற்குள் நுழைந்து கணக்கு எழுதலாம் என்பது அது. ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். வெளியிலிருந்து ஒருவர் நுழைந்தால் கணினிக்கு எதிரே இருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். பலர் ஒரே நேரத்தில் நுழைய விண்டோஸ் சர்வரும் ஆளுக்கு ஓர் உரிமமும் தேவை. அதைத் தாண்ட இணையத்தில் கிடைக்கும் ஒட்டுநிரல்கள் உரிமத்தை மீறுபவை. ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் அவை உடைந்துபோகவும் கூடும். அப்புறம், ரிமோட் டெஸ்க்டாப்பை ரவுட்டரில் வழி திறந்து நேராக இணையத்தில் விடவே கூடாது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் உள்ளே வரும் முக்கியமான வாசல்களில் அது ஒன்று. விபிஎன் எனும் பாதுகாக்கப்பட்ட தனி இணைப்பு வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

3. நிறுவன நிர்வாகம். ஆக்டிவ் டைரக்டரி, என்ட்ரா ஐடி போன்ற மையக் கணக்கு அமைப்பில் ஹோம் கணினி சேராது. கணினிகளுக்கு விதிகள் வகுக்கும் குரூப் பாலிசியும் ஹோமில் இல்லை. இருபது கணினிகளில் யார் எதை நிறுவலாம், எப்போது அப்டேட் ஆக வேண்டும், பென் டிரைவ் வேலை செய்யலாமா என்பதை ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்த விரும்பும் நிறுவனத்துக்கு ப்ரோ கட்டாயம். என்டர்பிரைஸுக்குப் போக வேண்டுமானாலும் அடியில் ப்ரோ உரிமம் இருக்க வேண்டும். ஹோம் லேப்டாப்புகளை மொத்தமாக வாங்கிய நிறுவனம் பின்னால் ஒவ்வொன்றுக்கும் தனியாகக் காசு கட்ட நேரும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் ஹோமிலிருந்து ப்ரோவுக்கு மாற அமெரிக்காவில் 99 டாலர் என்பது கணக்கு. அதே ப்ரோ, லேப்டாப்போடு சேர்ந்து வரும்போது பெரும்பாலும் இதைவிடக் குறைவாகவே முடியும்.

அதே சமயம், மூன்று கணினியும் ஒரு பிரிண்டரும் உள்ள கடைக்கு இதெல்லாம் வேண்டாம். ஃபோல்டரையும் பிரிண்டரையும் பகிர்ந்துகொள்ள ஹோமே போதும்.

4. ஹைப்பர்-வி, விண்டோஸ் சாண்ட்பாக்ஸ். கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் வசதிகள். சந்தேகத்துக்குரிய கோப்பைத் திறந்து பார்க்க சாண்ட்பாக்ஸ் மிக நல்ல கருவி; மூடியதும் உள்ளே நடந்தது எல்லாம் அழிந்துவிடும். ஆனால் ‘கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள், அதனால் ப்ரோ வேண்டும்’ என்ற வாதம் இப்போது நிற்காது. லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தை உள்ளேயே ஓட்டும் டபிள்யூஎஸ்எல் ஹோமிலும் உண்டு. டாக்கர் டெஸ்க்டாப், ஆண்ட்ராய்டு எமுலேட்டர், வர்ச்சுவல்பாக்ஸ் எல்லாம் ஹோமில் ஓடும்.

5. அப்டேட் கட்டுப்பாடு. இரண்டிலும் ஐந்து வாரம் வரை நிறுத்தி வைக்கலாம். ப்ரோவில் குரூப் பாலிசி வழியாக, புதிய வெர்ஷன் வருவதை 365 நாள் வரை தள்ளிப் போடலாம். புது வெர்ஷனில் தன் மென்பொருள் உடைந்துவிடுமோ என்று அஞ்சும் அலுவலகத்துக்கு இது உதவும்.

6. நிறுவும்போது கணக்கு. ஹோம் நிறுவ இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கும். 22எச்2 முதல் ப்ரோவும் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு அப்படியே கேட்கிறது. ஆனால் ‘வேலை அல்லது பள்ளிக்கு’ என்பதைத் தேர்ந்தெடுத்து, டொமைனில், அதாவது நிறுவனத்தின் மையக் கணக்கு அமைப்பில், சேர்க்கும் வழியாகப் போனால் ப்ரோவில் உள்ளூர்க் கணக்கோடு நிறுவ முடியும். ஹோமில் நிறுவி முடித்த பிறகு செட்டிங்ஸில் உள்ளூர்க் கணக்குக்கு மாறிக்கொள்ளலாம்.

மற்ற எடிஷன்கள்

‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’ என்பதை முதலில் சொல்ல வேண்டும். இந்தியாவில் விற்கும் லேப்டாப்புகளில் பெரும்பாலும் இதுதான் வருகிறது. ஹோமில் உள்ள எல்லாம் இதில் உண்டு, ஒன்றைத் தவிர: மெனுக்களும் பெட்டிகளும் தெரியும் காட்சி மொழி ஒன்றே ஒன்றுதான். ஆங்கிலத்தில் வந்த கணினியில் தமிழ் இடைமுகத்தைச் சேர்க்கப் போனால், உங்கள் உரிமம் ஒரு மொழியைத்தான் அனுமதிக்கிறது என்று சொல்லி நிறுத்திவிடும். தமிழில் தட்டச்சு செய்வதற்கு இது தடை இல்லை. தமிழ் 99, ஒலிபெயர்ப்பு முறை என எந்த விசைப்பலகையையும் சேர்க்கலாம், தமிழ்த் தளங்களும் கோப்புகளும் எப்போதும்போலத் தெரியும். ஆங்கிலம் அறியாத பெற்றோருக்கு முழுத் தமிழ் மெனுவோடு கணினி அமைத்துத் தர விரும்புகிறவர்கள் மட்டும் வாங்கும் முன்பே வழக்கமான ஹோமா என்று பார்க்க வேண்டும். தமிழ் இடைமுகத்திலும் எல்லாச் சொற்களும் மொழிபெயர்க்கப்படவில்லை, சில இடங்களில் ஆங்கிலமே தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல மொழிகள் வாழும் ஒரு நாட்டில் ஒற்றை மொழி எடிஷனைப் பொதுவாக்கி விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

‘எஸ் மோட்’ தனி எடிஷன் ஆகாது. ஹோமின் மேல் போடப்பட்ட ஒரு கட்டுப்பாடு. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ள மென்பொருள்களை மட்டுமே நிறுவலாம். வெளியேறுவது இலவசம், ஆனால் வெளியேறினால் திரும்ப முடியாது.

எஜுகேஷன் என்பது பள்ளி, கல்லூரி வழியாகக் கிடைப்பது. வசதிகளில் என்டர்பிரைஸை ஒட்டியது. உங்கள் கல்லூரி உரிமம் கொடுக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

வொர்க்ஸ்டேஷன்களுக்கான ப்ரோ, நான்கு ப்ராசஸர், 6 டிபி ரேம் கொண்ட இயந்திரங்களுக்கு. பெயரில் ‘என்’ சேர்ந்திருந்தால் ஐரோப்பாவுக்கானது. மீடியா பிளேயர் உள்ளிட்டவை நீக்கப்பட்டிருக்கும். நமக்குத் தேவையில்லை.

எல்டிஎஸ்சி பற்றித்தான் இப்போது நிறையப் பேச்சு. புதுப்புது வசதிகள் வராமல், பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் பல ஆண்டுகள் வரும் என்டர்பிரைஸ் வகை இது. மருத்துவக் கருவி, ஏடிஎம் போல ஒரே வேலையைச் செய்யும் இயந்திரங்களுக்காக உருவானது. விண்டோஸ் 10-இன் ஐஓடி எல்டிஎஸ்சி 2021-க்கு 2032 ஜனவரி 13 வரை ஆதரவு இருப்பதால், பழைய கணினிக்கு இதுதான் மருந்து என்று வீடியோக்கள் சொல்கின்றன. ஆனால் கடையில் தனி ஆளுக்கு விற்கும் பொருள் இல்லை இது. நிறுவனங்களின் மொத்த உரிமம் வழியாகவும் கருவி தயாரிப்பாளர்கள் வழியாகவும்தான் முறையாகக் கிடைக்கும். வீட்டுப் பயனருக்கு அதை ‘ஆக்டிவேட்’ செய்து தருகிறேன் என்று சொல்கிறவர் பெரும்பாலும் திருட்டு வழியைத்தான் பயன்படுத்துகிறார். முன்பின் தெரியாத ஒரு ஆக்டிவேட்டர் நிரலை நிர்வாகி அனுமதியோடு ஓட்டிய பிறகு, அந்தக் கணினியில் நெட் பேங்கிங் செய்வது ஆபத்து.

உரிமம்: எடிஷனைப் போலவே முக்கியம்

1. ஓஇஎம். லேப்டாப்போடு வருவது. விலை குறைவு. முதலில் நிறுவிய கணினியோடு கட்டுண்டது. வேறு கணினிக்கு மாற்ற முடியாது. விண்டோஸ் 8 காலத்திலிருந்தே இந்த உரிம எண் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் நிரலில் எழுதப்பட்டு வருகிறது. அதனால்தான் ஹோமோடு வந்த லேப்டாப்பில் மறுபடி விண்டோஸ் நிறுவும்போது ‘எந்த எடிஷன்’ என்று கேட்காமல் நேராக ஹோம் ஏறுகிறது. ப்ரோ உரிமம் வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம். நிறுவி முடித்து ஆக்டிவேஷன் பக்கத்தில் எண்ணைக் கொடுத்தால் போதும்.

2. ரீடெய்ல். தனியாக வாங்குவது. விலை கூடுதல். பழைய கணினியிலிருந்து நீக்கிப் புதியதற்கு மாற்றலாம். டெஸ்க்டாப்பை அவ்வப்போது பிரித்து மாற்றிக் கட்டுகிறவர்களுக்கு ஏற்றது.

3. வால்யூம். நிறுவனங்களுக்கானது. இணையச் சந்தைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ‘ப்ரோ கீ’க்களில் பல இப்படி யாரோ ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டு வெளியே கசிந்தவை. இன்று வேலை செய்யும், முறைகேடு கண்டுபிடிக்கப்பட்டால் முடக்கப்படும். வாங்கியவருக்கு முறையான உரிமம் என்று எதுவும் கையில் இருக்காது.

விண்டோஸ் இல்லாமல் டாஸ் மட்டும் போட்ட லேப்டாப் சில ஆயிரம் ரூபாய் குறைவாகத் தெரியும். அதன் மேல் முறையான விண்டோஸ் வாங்கினால் மொத்தத் தொகை பெரும்பாலும் ஏறிவிடும். லினக்ஸ் பயன்படுத்தப் போகிறவர்களுக்கு மட்டுமே அது உண்மையான மலிவு.

பழைய கணினி வைத்திருப்பவர்கள்

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (கணினி ஏறும்போது நம்பகமான நிரலை மட்டும் அனுமதிக்கும் வசதி), 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், அப்புறம் பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறை, ஏஎம்டி ரைசன் 2000 வரிசை அல்லது அவற்றுக்குப் பிந்தைய ப்ராசஸர் தேவை. தகுதி இருந்தால் மாறுவது இலவசம். விண்டோஸ் 10 ஹோமில் இருந்தவர் 11 ஹோமுக்கும், ப்ரோவில் இருந்தவர் 11 ப்ரோவுக்கும் போவார். இந்த மாற்றத்தில் எடிஷன் உயராது.

தகுதி இல்லாத கணினிக்கு, விண்டோஸ் 10 22எச்2-இல் இருந்தால், நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்களில் சேரலாம். தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை. கட்டணம் 30 டாலர். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைப்புகளை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் இலவசம். அதற்குள் புதுக் கணினிக்குச் சேமிக்கலாம், அல்லது பழையதில் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றைப் போட்டுப் பழகிப் பார்க்கலாம்.

எப்படி முடிவு செய்வது?

கீழே உள்ள கேள்விகளை இதே வரிசையில் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் மூன்றில் ஏதாவது ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றால் ப்ரோ.

1. இந்தக் கணினியை நிறுவனத்தின் மையக் கணக்கு அமைப்பில் சேர்க்க வேண்டுமா?
2. வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் மூலம் இந்தக் கணினிக்குள் நுழைய வேண்டுமா, எனிடெஸ்க் போன்ற மாற்றுகள் போதாதா?
3. மற்றவர்களின் ரகசியத் தகவல்கள் இதில் இருக்குமா, பூட்டும் முறையை நானே கட்டுப்படுத்த வேண்டுமா?
4. மூன்றும் இல்லை என்றால், ப்ரோவுக்குக் கொடுக்கும் தொகையில் 8 ஜிபியை 16 ஜிபி ஆக்க முடியுமா, அல்லது பெரிய எஸ்எஸ்டி வாங்க முடியுமா? அந்த மாற்றத்தை ஒவ்வொரு நாளும் உணர்வீர்கள்.

இரண்டு மனமாக இருப்பவர்கள் ஹோமிலேயே தொடங்கலாம். ஹோமிலிருந்து ப்ரோவுக்கு எந்த நாளிலும் சில நிமிடங்களில் ஏறிவிடலாம். ப்ரோவிலிருந்து ஹோமுக்கு இறங்க வேண்டுமானால் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவ வேண்டியிருக்கும்.